கைபட்ட கடிதமும் கைசெய்த உறையும்

செய்தி பெறுவதிலே நமக்கு இன்று யாதொரு குறையுமில்லை. கனடாவிலிருக்கும் மகனின் முகத்தைக் கைத்தொலைபேசியிலே நாள்தோறும் காண்கிறோம். இலண்டனிற் பிறந்த பேத்தியின் முதற்சொல்லை அவள் சொன்ன நாளிலேயே யாழ்ப்பாணத்து அம்மம்மா கேட்டு மகிழ்கிறார். இவ்வசதியைப் பழித்துப் பேசுவது நன்றி மறந்த செயலாகும். கடல் கடந்து போன பிள்ளையின் குரலை ஆண்டுக்கணக்காகக் கேளாதிருந்த தாய்மார் வாழ்ந்த நாடன்றோ இது!

ஆயினும் தபாற்காரரின் மணியொலிக்கு முன்பிருந்த மதிப்பு இப்போது இல்லை. அவர் இன்றும் வருகிறார். ஆனால் அவர் கொண்டுவருவன பெரும்பாலும் மின்சாரப் பட்டியலும் வங்கி அறிவித்தலுமே. கையால் முகவரி எழுதிய ஓர் உறை அவற்றினிடையே தோன்றுமாயின், வீட்டார் முதலில் எடுத்துப் பார்ப்பது அதனையே. பிரிக்குமுன் எழுத்தை உற்று நோக்குகிறோம், "இது சின்னம்மாவின் எழுத்தல்லவா?" என்கிறோம். செய்தியெல்லாம் தொலைபேசியில் வந்தபின்னும் அந்த உறைக்கு ஏன் இத்தனை மதிப்பு? கடிதம் செய்தியை மாத்திரம் சுமந்து வருவதாயின் அதன் பணி முடிந்துவிட்டது. அதற்காக நாம் வருந்தவும் வேண்டியதில்லை. அது வேறொன்றையும் சுமந்து வருகிறது. அவ்வேறொன்று யாது என்பதைச் சற்றே ஆராய்வோம்.

மாதவியின் இரு கடிதங்கள்

கடிதத்தின் இயல்பை இளங்கோவடிகளைப் போல் நுட்பமாக உணர்த்திய புலவர் அரியர். சிலப்பதிகாரத்திலே மாதவி கோவலனுக்கு இருமுறை எழுதுகிறாள். வேனிற்காதையில் வரும் முதற் கடிதம் கண்ணைக் கவரும் அழகுடையது. பன்மலர் மாலையினிடையே அமைந்த தாழையின் வெண்மடல் ஏடாகிறது, பிச்சியரும்பு எழுத்தாணியாகிறது, செம்பஞ்சுக் குழம்பு மையாகிறது. தோழி வசந்தமாலை அதனை எடுத்துச் சென்று கூலமறுகிலே கோவலனிடம் நீட்டுகிறாள். அவனோ வாங்க மறுத்துவிடுகிறான்.

இரண்டாவது கடிதம் அவன் கண்ணகியோடு மதுரைக்குச் செல்லும் வழியில் வருகிறது. கொண்டுவருபவன் கௌசிகன் என்னும் அந்தணன். இம்முறை மலருமில்லை, மாலையுமில்லை. மண்ணிலச்சினை இட்ட ஓர் ஓலை மாத்திரமே. அம்மண்ணிலே மாதவி தன் கூந்தலைப் பதித்திருந்தாள். கோவலன் அதனைக் கையில் வாங்கியதும், முன்னர் கூடியிருந்த காலத்தில் தான் அறிந்த கூந்தல் நெய்யின் மணம் அப்பொறியிலிருந்து எழுகிறது. ஒரு சொல்லையேனும் படிக்குமுன்னே எழுதியவள் யாரென்பது அவன் நெஞ்சுக்குத் தெரிந்துவிடுகிறது. பின்னரே பிரிக்கிறான், படிக்கிறான், பிழை அவளதன்று, தன்னதே என்று தெளிகிறான். அவ்வோலையின் வாசகம் தன் பெற்றோருக்குத் தானே எழுதியதுபோலப் பொருந்துவதைக் கண்டு, அதனையே அவர்களிடம் சேர்க்கும்படி கௌசிகனிடம் கொடுத்தனுப்புகிறான்.

இவ்விரு கடிதங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓருண்மை விளங்கும். அழகு மிகுந்த கடிதம் மறுக்கப்பட்டது. எழுதியவளின் அடையாளம் பதிந்த எளிய ஓலையோ மனத்தைத் திறந்தது. உள்ளிருந்த சொல்லுக்கு வழிசெய்தது மேலிருந்த மண்ணிலச்சினை. நம் காலத்தில் அவ்விலச்சினையின் வேலையைச் செய்வது கையெழுத்தும், கையாற் செய்த உறையுமேயாம்.

உறை பிறந்த கதை

இன்று கடையிலே கட்டுக்கட்டாக வாங்கும் கடிதவுறை ஒருகாலத்தில் ஆடம்பரப் பொருளாக இருந்தது என்றால் வியப்பாயிருக்கும். இங்கிலாந்திலே 1840 ஆம் ஆண்டுக்கு முன் தபாற் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்திருந்தது. பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே பணம் கொடுத்தார். உறையும் ஒரு தாளாகக் கணக்கிடப்பட்டமையால், அதனை இட்டு அனுப்பினால் கட்டணம் கூடிவிடும். ஆகவே மக்கள் எழுதிய தாளையே மடித்து, அரக்கினால் ஒட்டி, அதன் புறத்திலேயே முகவரியை எழுதினர். இன்னொரு தாளுக்குக் காசு கொடுக்க இயலாதோர், எழுதி முடித்த பக்கத்தைக் குறுக்காகத் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே மறுபடியும் எழுதினர். படிப்பவர் பாடு எவ்வளவு! ஆயினும் அன்புள்ளவர்கள் அதனையும் படித்தார்கள்.

இந்நிலையை மாற்றியவர் றோலண்ட் ஹில் என்பவர். அவருடைய முயற்சியின் பயனாக 1840 சனவரி 10 முதல், அரை அவுன்சு நிறைக்கு மேற்படாத கடிதம் நாட்டின் எம்மூலைக்கும் ஒரு பென்னிக்குச் செல்லலாயிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் உலகின் முதலாவது ஒட்டும் முத்திரையான கறுப்புப் பென்னி முத்திரை வழக்குக்கு வந்தது. இலங்கையின் முதல் முத்திரை 1857 இல் வெளியாயிற்று. கட்டணம் தாளின் எண்ணிக்கையை விட்டு நிறையைப் பொறுத்ததும், உறையிட்டு அனுப்புவது எல்லோர்க்கும் இயல்வதாயிற்று.

கறுப்புப் பென்னி முத்திரையோடு அரசாங்கம் வேறொன்றையும் வெளியிட்டது. வில்லியம் முல்றெடி என்ற ஓவியர் வரைந்த பெரும் படம் அச்சிட்ட கடிதவுறை அது. பிரித்தானியா தேவி நடுவிலே வீற்றிருக்க, உலகின் பல திசைகளுக்கும் தூதர் பறந்து செல்வதாக அமைந்த படம். மக்கள் அதனைப் பார்த்து நகைத்தார்கள். அதைப் பரிகசித்துப் பற்பல போலி உறைகள் அச்சாகி விற்பனையாயின. அரசாங்கம் அந்த உறையை மீளப்பெற வேண்டியதாயிற்று. சின்னஞ்சிறு முத்திரையை ஏற்ற மக்கள் ஆடம்பர உறையை ஏற்கவில்லை. தம் கடிதத்தின் முகம் தம்முடையதாகவே இருக்கவேண்டுமென்ற உணர்ச்சியும் அந்த நகைப்பிலே கலந்திருந்தது என்று கொள்ளலாம்.

அக்காலத்து உறைகள் யாவும் கைவேலையே. ஒரு தகட்டை அச்சாக வைத்துத் தாளை வெட்டி, எலும்பாலான கருவியினால் ஒவ்வொன்றாக மடித்து ஒட்டினர். 1845 இல் எட்வின் ஹில், வாறன் டி லா றூ என்னும் இருவர் உறை மடிக்கும் இயந்திரத்துக்கு உரிமை பெற்றனர். 1851 ஆம் ஆண்டின் இலண்டன் மாபெரும் பொருட்காட்சியிலே இயந்திரம் உறை மடிப்பதை மக்கள் கூட்டமாக நின்று பார்த்தனர். கைவேலையாயிருந்த உறை மெல்ல மெல்ல இயந்திரப் பொருளாயிற்று.

இல்லாமையிற் பிறந்த உறைகள்

ஆயினும் கைசெய்த உறை முற்றாக மறையவில்லை. பொருள் தட்டுப்பாடு வந்த காலங்களிலெல்லாம் அது மீண்டும் தோன்றியது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1861 முதல் 1865 வரை, தென்மாநிலங்களிற் கடதாசி அரிதாயிற்று. மக்கள் சுவரில் ஒட்டும் பூத்தாளையும், கணக்குப் புத்தகத்தின் ஏடுகளையும் வெட்டி உறை செய்தனர். வந்த உறையைப் பிரித்து, உட்புறம் வெளியே தெரியுமாறு மடித்து, மறுகடிதம் அனுப்பினர். ஒரே உறை இருவரின் முகவரியையும் உள்ளும் புறமும் சுமந்து போய்வந்தது. இவற்றுட் பல இன்றும் முத்திரை சேகரிப்போரிடம் அரும்பொருளாக உள்ளன.

அதே நாட்டிலே அமேர்ஸ்ற் என்னும் ஊரில் வாழ்ந்த எமிலி டிக்கின்சன் (1830–1886) என்ற பெண்கவி, தமக்கு வந்த உறைகளைப் பிரித்து அவற்றின் மீதும் கவிதை எழுதினார். உறையின் முக்கோண மடலிலே வரிகள் அம்மடலின் வடிவுக்கேற்பக் குறுகியும் விரிந்தும் செல்வதைக் காணலாம்.

இத்தகைய சிக்கனம் நமக்கும் புதிதன்று. 1990களிலே பொருட்தடை நிலவியபோது யாழ்ப்பாணத்தில் நாளிதழ்கள்கூடப் பாடசாலைக் கொப்பித் தாளிலே அச்சாயின. அக்காலத்தை அறிந்த பெரியோர் ஒரு வெற்றுத்தாளையும் எறிய மனங்கொள்ளாமைக்குக் காரணம் அதுவே.

உறையில்லாக் கடிதங்கள்

உறையின் அருமை அது இல்லாதபோதுதான் நன்கு விளங்கும். பிள்ளைகள் பலர் வெளிநாடு சென்ற காலத்தில், ஏரோகிராம் எனப்பட்ட இலேசான நீலத்தாள் வீடுதோறும் வந்தது. தானே கடிதமாகவும் தானே உறையாகவும் மடியும் தாள் அது. உள்ளே வேறொன்றும் வைக்கலாகாது. ஆகவே அதன் ஓரங்களிலும், ஒட்டும் மடலின் உட்புறத்திலும் சிற்றெழுத்திலே செய்திகள் நெருங்கி நிற்கும். "இடமில்லை, மிகுதி அடுத்த கடிதத்தில்" என்ற வரியைக் காணாத குடும்பம் உண்டோ?

அதனிலும் சிறிய கடிதம் ஒன்றுண்டு. சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு 1989 இல் இலங்கையிலே பணி தொடங்கியபின், தடுத்து வைக்கப்பட்டோருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் இடையே செஞ்சிலுவைச் செய்தித்தாள்களைக் கொண்டுசென்று கொடுத்தது. அவற்றிலே குடும்பச் செய்தி மாத்திரம் எழுதலாம். அவை உறையிட்டு ஒட்டாத திறந்த தாள்கள். வேறு கண்களும் படித்த பின்னரே உரியவர் கைக்குச் செல்வன. நலமாயிருக்கிறேன், அம்மாவின் காய்ச்சல் மாறிற்றா, தங்கை பாடசாலைக்குப் போகிறாளா என்பவற்றுக்கு மேல் அதில் எதை எழுத இயலும்? ஆயினும் எழுத்தைக் கண்டபோதே உயிர் வந்தது. எழுதிய கை உயிரோடிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

ஓர் உறையை ஒட்டி மூடுவது எத்தனை பெரிய உரிமை என்பதை இதிலிருந்து உணரலாம். "இதனுள்ளே இருப்பது உனக்கும் எனக்கும் மாத்திரம் உரியது" என்று அது சொல்கிறது. மனத்திலுள்ளதை அஞ்சாது எழுதுவதற்கு அந்த மெல்லிய கடதாசிச் சுவர் போதுமானது.

ஒரு நாட்டின் முடிவு

நம்மவர் பலர் குடியேறி வாழும் நாடுகளுள் டென்மார்க்கும் ஒன்று. அங்கு 1624 ஆம் ஆண்டிலே தொடங்கிய அரச தபாற்சேவை 400 ஆண்டுகள் கடிதம் சுமந்தது. 2000 ஆம் ஆண்டுக்குப் பின் கடிதங்களின் தொகை 90 வீதத்துக்கு மேல் குறைந்துவிட்டமையால், 2025 ஆம் ஆண்டின் முடிவோடு அச்சேவை கடித விநியோகத்தைக் கைவிட்டது. தெருவோரத்துச் செந்நிறத் தபாற்பெட்டிகளும் அகற்றப்பட்டன. தனியார் நிறுவனமொன்று அங்கே கடிதங்களை இன்றும் எடுத்துச் செல்கிறது என்பது உண்மையே. ஆயினும் இச்செய்தியிலே நமக்கொரு பாடமுண்டு. எழுதுவோர் இல்லையாயின் தபாற்பெட்டியும் இல்லை. எவரேனும் எப்போதாவது எழுதுவார் என்று அது தெருவிலே காத்து நிற்பதில்லை.

தபாற்பெட்டி மாத்திரமா போகும்? நம் பாட்டனாரின் கையெழுத்தை நாம் அறிவோம்; அவர் எழுதிய பழங்கடிதம் பெட்டகத்தின் அடியிலே கிடக்கிறது. நம் பேரப்பிள்ளைகள் நம் கையெழுத்தை எதிலே காண்பார்கள்? தொலைபேசியிலே நாம் அனுப்பும் எழுத்துக்கள் எல்லோர்க்கும் ஒரே அச்சில் அமைந்தவை. அத்தொலைபேசி பழுதானால் அவையும் போய்விடலாம். தமிழெழுத்தைப் பாடநூலிலன்றி வேறெங்கும் காணாத பிள்ளைக்கு, "என் செல்லப் பேரனுக்கு" என்று தொடங்கும் ஒரு தாள் தரும் உறவை எந்தப் பாடநூல் தரும்?

உறை செய்யும் முறை

சிறுவரும் பெரியோரும் கூடியிருந்து செய்யக்கூடிய எளிய வேலை இது. ஏ-4 தாள் 21 சதமமீற்றர் அகலமும் 29.7 சதமமீற்றர் நீளமும் உடையது. அதிலே கடிதத்தை எழுதி நான்காக மடித்தால், ஏறக்குறைய 10.5 க்கு 14.8 சதமமீற்றர் அளவாகும். உறைக்கு அதேயளவான இன்னொரு தாளிலிருந்து, ஒவ்வொரு பக்கமும் 21 சதமமீற்றர் கொண்ட சதுரமொன்றை வெட்டுங்கள்.

சதுரத்தின் ஒரு மூலை உங்களை நோக்கியிருக்குமாறு வைத்து, மடித்த கடிதத்தை அதன் நடுவிலே கிடையாக வையுங்கள். கடிதத்தைச் சுற்றி ஒரு நெல்மணியின் அகலம் இடம்விட்டு, இடவல மூலைகளை உள்ளே மடியுங்கள். பின்னர் கீழ்மூலையை மேலே மடியுங்கள். மடிப்புக்களை நகத்தால் அழுத்தியபின் கடிதத்தை வெளியே எடுத்துவிட்டு, கீழ்மடலின் ஓரங்களிலே பசை தடவி ஒட்டுங்கள். பசை காய்ந்ததும் கடிதத்தை உள்ளே இட்டு, மேல்மூலையை மடித்து ஒட்டினால் உறை முற்றுப்பெறும். கோதுமை மாவை நீரிற் கரைத்து மெல்லிய நெருப்பிலே காய்ச்சிய பசையே இதற்குப் போதும். அதனை மெல்லிதாகத் தடவினால் தாள் சுருங்காது.

சென்ற ஆண்டின் நாட்காட்டி, பழைய தேசப்படம், மண்ணிறக் கடதாசி, பிள்ளை வரைந்த ஓவியம் முதலியன நல்ல உறையாகும். வழுவழுப்பான மெழுகுத்தாளிலே முத்திரை ஒட்டாது. அதனைத் தவிர்த்தல் நன்று. மணி, சிப்பி முதலியவற்றை உறைமேல் ஒட்டினால் தபாற்கந்தோரிலே இடரை விளைக்கும். படமுள்ள தாளாயின், முகவரிக்கென ஒரு வெள்ளைத்தாள் துண்டை ஒட்டி, அதன்மேல் தெளிவாக எழுதுங்கள். ஊரின் பெயரோடு ஐந்திலக்கத் தபாற் குறியீட்டையும் சேர்த்தல் வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு 40000, கண்டிக்கு 20000. அனுப்புபவரின் முகவரி பின்புறத்தில் இருக்கட்டும். முன்புறத்தின் வலது மேல்மூலை முத்திரைக்குரியது.

மாதவியின் முதற் கடிதத்தை இங்கே மறவாதிருப்போம். அலங்காரம் மிகுவதால் அன்பு மிகுவதில்லை. சற்றே கோணலாக வெட்டப்பட்டாலும், "இது எனக்கென்றே செய்தது" என்று பெறுபவர் அறிந்தாற் போதும்.

எதை எழுதுவது?

"தொலைபேசியிலே எல்லாம் பேசிவிட்டோம், எழுத என்ன இருக்கிறது?" என்று கேட்பாருண்டு. தொலைபேசி கேளாத கேள்விகள் பல உள்ளன. கிணற்றடி மாமரம் இவ்வாண்டு காய்த்ததா? அப்பா பள்ளிக்கு எவ்வழியே நடந்து போனார்? அம்மம்மாவின் ஒடியற்கூழுக்கு என்னென்ன சேர்ப்பது? முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்படும் நன்றியையும், கேட்கத் தயங்கும் மன்னிப்பையும் தாள் தாங்கிக்கொள்ளும். கோபத்திலே எழுதியதை ஓரிரவு வைத்திருந்து காலையிலே கிழித்துவிடலாம். வாய்தவறிய சொல்லுக்கு அந்த வாய்ப்பில்லை.

கடிதத்தின் தலைப்பிலே ஊரும் திகதியும் இடுங்கள். முடிவிலே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வருவதற்கு அதுவே வழி. கடிதப் போக்குவரத்து என்பது இருவர் ஆடும் ஊஞ்சல். ஒருவர் மாத்திரம் உந்திக்கொண்டிருந்தால் கை சோர்ந்துவிடும். பதில் எழுத நாளானால், "கிடைத்தது, மகிழ்ந்தேன்" என்று இரண்டு வரியாவது எழுதிவிடுவது நன்று.

மாணவர்க்கு ஒரு செய்தி. சர்வதேசத் தபாற் சங்கம் 1971 முதல் ஆண்டுதோறும் இளைஞருக்கான கடிதம் எழுதும் போட்டியொன்றை நடத்தி வருகிறது. 9 முதல் 15 வயது வரையுள்ளோர்க்குரியது அது. நல்ல கடிதம் எழுதுவது ஒரு கலை என்று உலகம் இன்றும் மதிக்கிறது என்பதற்கு இது சான்றாகும்.

பேணி வைத்தல்

வந்த கடிதத்தை உறையோடு சேர்த்தே வையுங்கள். எழுதியவர் திகதியிட மறந்தாலும் தபால் முத்திரைப் பதிவு ஊரையும் நாளையும் காட்டும். குண்டூசியும் இரும்புக் கவ்வியும் துருப்பிடிக்கும். ஒட்டும் நாடா காலப்போக்கில் தாளை மஞ்சளாக்கும். ஈரமும் கறையானும் அணுகாத ஒரு தகரப்பெட்டி போதுமானது.

இவ்வாறு பேணியதனால் தமிழுக்கு விளைந்த நன்மையைச் சொல்லாமலிருக்க இயலாது. உ. வே. சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைப் போற்றி வைத்தார். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் அவருக்கு எழுதியவர்களுள் ஒருவர். 1887 ஆம் ஆண்டில் சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும் தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் அச்சேற்றினர். ஏட்டுச் சுவடிகள் அச்சுக்கு வந்த வரலாற்றை அறிய விழைவோர்க்கு, அந்நாளிலே அறிஞர்கள் ஒருவர்க்கொருவர் எழுதிய கடிதங்கள் பெருந்துணையாகின்றன. எழுதியபோது அவர்கள் வரலாறு எழுதுவதாக எண்ணியிருக்கமாட்டார்கள். அன்றாட அலுவலைத்தான் எழுதினார்கள். நம் வீட்டுக் கடிதங்களும் அத்தகையனவே. ஊர்கள் மாறிய, உறவுகள் சிதறிய ஒரு சமூகத்திலே, குடும்பத்தின் வரலாறு பெரும்பாலும் அவற்றிலேயே தங்கியிருக்கிறது.

தொடக்கத்திலே எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். கடிதம் செய்தியோடு சுமந்து வருவது எழுதியவரின் பொழுதையும் கைத்தடத்தையுமாம். ஒரு மாலைப்பொழுதிலே பிற வேலைகளை ஒதுக்கி, நம்மை மாத்திரமே நினைந்து, ஒருவர் தாள் மடித்து, மை தொட்டு, உறை ஒட்டினார் என்ற நினைவே அதன் உள்ளிருக்கும் பெரும்பொருள். அதனைத் தருவதற்குச் செல்வமும் வேண்டாம், புலமையும் வேண்டாம்.

இந்த ஞாயிறு மாலையிலே ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களிடமிருந்து கடிதத்தை எதிர்பாராத ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். முதியவராயின் பெரிய எழுத்திலே எழுதுங்கள். நாளைக் காலை தபாற்கந்தோர் திறந்திருக்கும்.